இரண்டாம் எண் ஸ்லைடு

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த இருவர் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்ப்பது உசிதமல்ல என்று மூத்தவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். இளையவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். மூன்று வருடங்களுக்கு முன் விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பி, கோணலாக ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பிரித்து நேராக ஒட்டி, துறைத்தலைவரின் மேஜை வரை கொண்டுபோய் வைத்தாள். தனக்குக் கீழே ஒருத்தி இருப்பாள் என்பது அன்றைய கணக்கு. கீழே இருக்க வேண்டியவள் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டது அதற்குப் பிறகு நடந்த விபத்து.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது பக்கம் அந்த ஆய்வகம். கீழ்த்தளத்தில் எடுத்த இரத்தம் சோதனைக் குழாய்களில் மேலே வரும். அதை மூன்று நாள் உடல் சூட்டில் வைத்து வளர்த்தால் செல்கள் பிரியத் தொடங்கும். பிரிவதற்கு முன் ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள நாற்பத்தாறு குரோமோசோம்களையும் படியெடுத்து, மூலத்தையும் படியையும் இடுப்பில் சேர்த்துக் கட்டிவைக்கும். பிறகு இரண்டு முனைகளிலிருந்தும் நூல்கள் கிளம்பி வந்து பற்றி இழுக்க, கட்டு அவிழ்ந்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போகும். இரண்டு புதுச் செல்களுக்கும் நாற்பத்தாறு, நாற்பத்தாறு. மூத்தது இளையது என்ற பேச்சே கிடையாது.

மூத்தவளுக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் உறுத்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குத் தெரிந்த நியாயம் மாமியாருக்குத் தெரியவில்லை. இறந்துபோன மாமனாரின் கைக்கடிகாரம் சின்ன மகனுக்குப் போனது. தெருவைப் பார்த்த அறை சின்ன மகனுக்குப் போனது. மூத்தவனுக்குக் கிடைத்தது மாமனாரின் குறட்டை.

அந்த நூல்கள் உருவாகவிடாமல் ஒரு மருந்தைச் சொட்டிவிட்டால் செல் பாதி வேலையில் அப்படியே நின்றுவிடும். அந்த நிலையில்தான் குரோமோசோம்கள் தடித்துத் தெளிவாகத் தெரியும். அப்படி நிறுத்திய செல்களை ஸ்லைடின் மேல் சொட்டிப் பரவவிடுவதில்தான் ஆய்வகத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மூத்தவள் சின்ன முக்காலியில் ஏறி நின்று, கையை உயர்த்தி, மேலிருந்து சொட்டுவாள். பத்தொன்பது வருடப் பழக்கம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அபிஷேகம் நடப்பதுபோல் இருக்கும். இளையவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டாள். ஸ்லைடின் மேல் ஒரு முறை வாயால் ஊதுவாள், மூச்சின் ஈரம் படரும், ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விடுவாள். அவ்வளவுதான். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அழகாகப் பிரிந்து படுக்கும்.

"அவ மூச்சுலயே ஏதோ இருக்கு" என்று பக்கத்து மேஜைக்காரி ஒருமுறை பாராட்டினாள். மூத்தவள் அன்று மாலை வீட்டில், இளையவள் பல் சரியாகத் துலக்குவதில்லை என்று கணவனிடம் சொன்னாள்.

இந்த ஆய்வகத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. அவர் இல்லாத இடத்தில் எல்லோரும் அவரை 'முன்னுரை' என்றே சொல்வார்கள். குரோமோசோம்களைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய புத்தகத்துக்குப் பதினோரு வருடங்களுக்கு முன்பே முன்னுரை முடிந்துவிட்டது. புத்தகம்தான் பாக்கி. 'சுருக்கமாகச் சொல்வதென்றால்' என்று அவர் ஆரம்பித்தால் நிற்பவர்கள் சுவரில் சாய்ந்துகொள்வார்கள்.

புதிய கட்டடத்தின் நுழைவாயிலில், உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கும்படி, ஆறடி உயரத்தில் ஒரு படம் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிரியப்போகும் ஒரு செல், அதில் நாற்பத்தாறு குரோமோசோம்கள், மேலே 'சமபங்கு' என்று தலைப்பு, கீழே ஸ்லைடைத் தயாரித்தவரின் பெயர். ஆரோக்கியமான ஓர் ஆணின் இரத்தமாக இருந்தால் எக்ஸும் ஒய்யும் இரண்டுமே படத்தில் வரும் என்றார். போட்டிக்கு இரண்டு பேர்: மூத்தவளும் இளையவளும். ஆளுக்கு ஒரே ஒரு ஸ்லைடு. அலுவலக எழுத்தர் அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, எந்த எண் யாருடையது என்பதை உறையில் இட்டு ஒட்டிவிடுவார். தலைவர் எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். நடுநிலை என்ற சொல்லை அன்று அவர் ஒன்பது முறை சொன்னதாகப் பக்கத்து மேஜைக்காரி எண்ணி வைத்திருந்தாள்.

மூத்தவள் அன்றே வீட்டில் சொல்லிவிட்டாள். பெயர் எப்படியும் தன்னுடையதுதான் என்பதுபோலவே சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் அவள் பெயர் எழுத்தில் வந்தது வருகைப் பதிவேட்டில் மட்டும். ஆறடிப் படத்தின் கீழே அது வந்துவிட்டால் மாமியார் வாசலிலேயே நின்று படித்துத்தான் ஆக வேண்டும். படிக்கட்டும்.

இரத்தத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டி, "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ, மிச்சத்தை மட்டும் வச்சிட்டுப் போ" என்றான். இளையவளும் தன் கணவனின் இரத்தத்தையே எடுத்ததாகச் சொன்னாள். அவன் தீயணைப்பு வீரன். மாமியாரிடம் அவன் வீரத்தைப் பற்றிக் கேட்காமல் தெருவில் யாரும் தப்பித்ததில்லை.

வியாழக்கிழமை இரண்டு ஸ்லைடுகளும் சாயமேற்றித் தட்டில் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் எழுத்தர் பென்சிலால் எழுதிய எண்கள். மை எழுத்து இந்த வேலைக்கு ஆகாது, பயன்படுத்தும் திரவங்களில் கரைந்துவிடும் என்பதால் இங்கே எல்லாமே பென்சில்தான். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மூத்தவள் பசியில்லை என்றாள். அது உண்மையும்கூட. காலையிலிருந்து வயிற்றை வேறு ஏதோ நிரப்பியிருந்தது.

எந்த எண் யாருடையது என்பது உறைக்குள் இருந்தாலும், தட்டில் தன் ஸ்லைடை வைத்த இடம் அவளுக்குத் தெரியும். இளையவளின் இரண்டாம் எண் ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். குறை ஏதாவது இருக்கும், பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்தாள். குறை இல்லை. கொடியில் காயப்போட்ட துணிபோல் ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனியாக, மடிப்புக் கலையாமல் கிடந்தது. தன்னுடைய முதல் எண்ணைப் பார்த்தாள். பேருந்தில் நெருக்கியடித்து நிற்பவர்களைப்போல் தோன்றியது. திரும்பவும் இரண்டாம் எண்ணைப் பார்த்தாள். அது முன்பைவிட இன்னும் அழகாகியிருந்தது. பொறாமையோடு பார்த்தால் மைக்ரோஸ்கோப் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும்போலிருக்கிறது.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். இரண்டாம் எண்ணில் ஒய் குரோமோசோம் நீளம். சாதாரணமாகக் குட்டையாக, கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒய், இங்கே வால் நீட்டிக்கொண்டு கிடந்தது. சிலருக்கு அப்படி இருக்கும். அந்த வாலில் எந்தச் சங்கதியும் எழுதப்பட்டிருப்பதில்லை, வெறும் நீளம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அப்பனிடமிருந்து மகனுக்கு ஒய் அப்படியே போகும். அப்பனுக்கு நீளமென்றால் மகன்கள் எல்லோருக்கும் நீளம். அவளுடைய ஸ்லைடில், அவள் கணவனுடைய ஒய் குட்டை.

ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஒய்.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கைக்கடிகாரம், தெருவைப் பார்த்த அறை, 'சின்னவன் அப்படியே அவங்க அப்பா' என்ற பேச்சு, எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் கைகட்டி நின்றன. இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு அவசரமான வேலை வேறு. ரப்பரை எடுத்து இரண்டு எண்களையும் அழித்தாள். எழுத்தர் இரண்டுக்குப் போடும் கொக்கியை அப்படியே பார்த்துப் போட்டு, எண்களை மாற்றி எழுதினாள். இளையவளின் அழகான ஸ்லைடு இப்போது ஒன்று. தன்னுடையது இரண்டு. பிறகு பசித்தது.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் வந்தார். ஒன்றாம் எண்ணை அரை நிமிடம் பார்த்து, "ம்" என்றார். இரண்டாம் எண்ணைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"சுருக்கமாச் சொல்றதுன்னா" என்று ஆரம்பித்தார். எல்லோரும் சுவரில் சாய்ந்தார்கள். "இந்த நிதானத்தைப் பாருங்க. இந்தக் கம்பீரத்தைப் பாருங்க. தலைமுறை தலைமுறையா வந்த ஒரு மிடுக்கு தெரியுதா இல்லையா? இப்படி ஒரு குரோமோசோம் எல்லாருக்கும் அமையாது. இரண்டாம் எண்."

மூத்தவளின் கணவனை இதற்குமுன் யாரும் கம்பீரம் என்று சொன்னதில்லை. அவள் காது ஒரு கணம் குளிர்ந்து, மறுகணம் நடந்தது என்ன என்று விளங்கியதும் அடைத்துக்கொண்டது. எழுத்தர் உறையைப் பிரித்து, இரண்டாம் எண் இளையவளுடையது என்று படித்தார். கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், தட்டாமலிருக்க முடியாதே. தலைவர் தானே இருந்து அந்த ஸ்லைடில் ஒரு செல்லைப் படமெடுக்க வைத்து அச்சுக்கு அனுப்பினார்.

"எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான்" என்றாள் இளையவள்.

ஜெயித்தவர்கள் அடக்கமாக இருப்பதைப்போல ஒரு வன்முறை உலகத்தில் இல்லை.

அது என் ஸ்லைடு என்று சொல்ல வேண்டுமானால், எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். மூத்தவள் வாயை இறுக மூடிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தாள். தன் கைவேலையின் மேல் தானே பொறாமைப்படும்படி ஆகிவிட்டது. வீட்டில் மாமியார், "சின்னவன் இரத்தமில்லையா, சும்மாவா" என்றாள். மூத்தவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த இரத்தம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஒய் இரண்டு விதம் என்றால் இரண்டில் ஒன்று வெளியாள். அது இளையவனாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இத்தனை நாள் மாமியார் இவனை ஒதுக்கியதற்கு ஒருவேளை அதுதான் காரணமோ? அன்றிரவு அவன் விட்ட குறட்டையை அவள் ஆதாரம் தேடுவதுபோல் கேட்டாள். மாமனாரின் குறட்டைதான். ஆனால் குறட்டையை எந்த ஆய்வகமும் ஏற்றுக்கொள்ளாது.

திங்கட்கிழமை கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில் இளையவள் தனியாக இருந்தாள். மூத்தவள் கதவைச் சாத்தினாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மனசுல வச்சுக்காதே. தம்பியோட ஒய் ஏன் அவ்வளவு நீளம்?"

இளையவள் குழாயை மூடினாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் குட்டை" என்றாள் மூத்தவள். "அண்ணன் தம்பிக்கு ரெண்டு மாதிரி வராதுன்னு உனக்கே தெரியும். நான் வெளியில சொல்ல மாட்டேன். அத்தை மானம் நம்ம மானம். இருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல."

இளையவள் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தாள். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது அவரோடது இல்லக்கா. ஊசியைப் பார்த்ததும் உங்க தம்பி தொபுக்குன்னு விழுந்துட்டார். எழுப்புறதுக்கே அரை மணி நேரமாச்சு. தீக்குள்ள போறவருக்கு ஊசின்னா உயிர் போயிடும். அத்தைக்குத் தெரிஞ்சா தெருவுல தலைகாட்ட முடியாதுன்னு காலைப் பிடிச்சார்."

"அப்ப யார் இரத்தம்?"

"சாரோடது."

நீளமான ஒய்யின் சொந்தக்காரர் முன்னுரை. கேட்டதும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டாராம், யாருக்கும் தெரியக் கூடாது, தனக்கு விளம்பரம் பிடிக்காது என்றாராம். எழுத்தரிடம் எண்ணைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டும் இருக்கிறார். ஆக, வெள்ளிக்கிழமை அவர் ஐந்து நிமிடம் குனிந்து மெய்மறந்தது தன்னைத்தானே பார்ப்பதாக நினைத்துத்தான்.

"அந்த நீளத்துல ஒண்ணுமே இல்லையேடி" என்றாள் மூத்தவள், தன்னை மறந்து.

"அங்கேயும் முன்னுரை மட்டும்தான்" என்றாள் இளையவள்.

இருவரும் சிரித்தார்கள். மூன்று வருடத்தில் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. மூத்தவள்தான் கொஞ்சம் நேரம் கூடுதலாகச் சிரித்தாள். அவள் கணவன் அவன் அப்பனுக்குத்தான் மகன். அதற்குள் இளையவளின் சிரிப்பு நின்றிருந்தது.

"அது சரி. என் ஸ்லைடை நீங்க எப்பக்கா பார்த்தீங்க?"

மூத்தவள் ஒரு குடுவையை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கழுவியது.

"அச்சுக்குப் போன படத்தை வெள்ளிக்கிழமையே கம்ப்யூட்டர்ல பார்த்தேன்" என்றாள் இளையவள், ஒவ்வொரு சொல்லாக வைத்து. "அதுல ஒய் குட்டையா இருந்துச்சு. சாரோடது நீளமாச்சே, நம்ம கைதான் எங்கேயோ தப்பு பண்ணிடுச்சோன்னு ரெண்டு நாளா மண்டையைக் குடைஞ்சுது. இப்பத்தான் புரியுது. அங்க தொங்கப் போறது உங்க வீட்டுக்காரர்."

பென்சில் எழுத்தை அழித்துவிடலாம். நாற்பத்தாறு குரோமோசோம்களும் அவரவர் முகவரியைத் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன என்பது பத்தொன்பது வருட அனுபவசாலிக்கு அந்த மதியம் மறந்துபோயிருந்தது.

"உன்னோடது அழகா இருந்துச்சு" என்றாள் மூத்தவள், குடுவையைப் பார்த்துக்கொண்டே. "தாங்க முடியல."

இளையவள் அந்தக் குடுவையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "இரத்தத்துக்கு வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம். சாரைத்தான் கேட்டேன். தன்னோடதுன்னா அவர் அதைத்தான் எடுப்பார்னு தெரியும். நேர்ல மோதினா உங்க கைதான் ஜெயிக்கும்னு பயம்."

இதைக் கேட்டு மூத்தவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள் என்பது மூன்று வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை. வெளியில் சொன்னால் ஒருத்திக்கு ரப்பர் விவகாரம், இன்னொருத்திக்கு இரத்த விவகாரம். ஒருவர் வாயை மற்றவர் கட்டியாயிற்று.

திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு போனார்கள். ஆறடிப் படத்தின் பக்கத்தில் தலைவர் தன் வீட்டாரை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். ஒய்யை விரலால் தொட்டுக் காட்டி, அப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் வரும் செல்வம் இது என்று விளக்கினார். மகன் அப்பாவைப் பெருமையோடு பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் ஒய் அவர்கள் தலைக்கு மேல் அடக்கமாக நின்றது.

மாமியார் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அப்படியே என் சின்னவன் ஜாடை" என்றாள். சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

மூத்தவளின் கணவன் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"சின்னவ நல்லாத்தான் பண்ணியிருக்கா. நீயும் இப்படி ஒண்ணு பண்ணியிருக்கலாமில்ல?"

அவளும் பார்த்தாள். பேருந்து நெரிசல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் இடைவெளி விட்டு, கையும் காலும் தெளிவாக, இடுப்பில் சேர்ந்து, பிரியக் காத்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கீழே பித்தளைத் தகட்டில் இளையவளின் பெயர்.

கூட்டம் கலைந்தபின் இளையவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மனசு கேக்கலக்கா. சார்கிட்ட சொல்லி நம்ம ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லட்டுமா? சேர்ந்து பண்ணோம்னு சொல்லிக்கலாம். தகடுதானே, மாத்திடலாம்."

மூத்தவளின் கண் லேசாகக் கலங்கியது. இப்படி ஒரு பங்கீடு அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை. தகட்டை ஒருமுறை விரலால் தடவினாள். நீளம் போதுமா என்று பார்த்தாள்.

"யார் பேர் முதல்ல வரும்?" என்றாள்.